பைட்டோ சான்றிதழ்: செட்டிநாட்டுச் சரக்கு கப்பல் ஏறுமுன் கவனிக்க வேண்டியவை

காரைக்குடிப் பக்கம் ஏற்றுமதி என்று பேச்செடுத்தால் விலை, கன்டெய்னர் வாடகை, டாலர் மதிப்பு என்றே பேச்சு ஓடும். பைட்டோ என்ற தாவர நலச் சான்றிதழ் கடைசியில்தான் வரும். அதுவும் "அதை ஏஜென்ட் பாத்துக்குவாருண்ணே" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். சரக்கு தூத்துக்குடியில் முடங்குவதற்கும் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் சிக்குவதற்கும் பெரும்பாலும் அந்த ஒரு வரிதான் காரணம். ஏஜென்ட் தாளைப் பார்ப்பார். மூட்டைக்குள் ஊரும் வண்டைப் பார்ப்பது குடோன்காரர் வேலை. வாங்கும் நாடு என்ன கேட்கிறது என்று படிப்பது ஆர்டர் பிடித்தவர் வேலை. இந்த இரண்டும் ஒழுங்காக நடந்துவிட்டால் அலுவலகத்தில் ஆக வேண்டியது மிகக் கொஞ்சம்.

முதலில் அந்தத் தாள் என்ன என்பதில் தெளிவு வேண்டும். "இந்தச் சரக்கைப் பார்த்தோம், உங்கள் நாடு தடுத்து வைத்திருக்கும் பூச்சியும் நோயும் இதில் இல்லை" என்று நம் அரசு வாங்கும் நாட்டு அரசுக்கு எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி அது. 1951-இல் ஏற்பட்ட பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் எல்லா நாடுகளும் ஏறத்தாழ ஒரே மாதிரிப் படிவத்தைப் பயன்படுத்துகின்றன. இந்தியாவில் பொறுப்பு ஃபரிதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தாவரப் பாதுகாப்பு, தொற்றுத்தடுப்பு, சேமிப்பு இயக்குநரகத்துக்கு. நம் பக்கத்துச் சரக்குக்குத் தூத்துக்குடி, திருச்சி விமான நிலையம், சென்னை மீனம்பாக்கம் ஆகிய இடங்களில் உள்ள அலுவலகங்கள்தான் வழி.

அது உணவுத் தரச் சான்று ஆகாது. மிளகாய் வத்தலில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு எவ்வளவு, அரிசியில் பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு என்பதெல்லாம் வேறு ஆய்வகம், வேறு தாள். "மனிதர் உண்ணத் தகுந்தது என்று பைட்டோவிலேயே ஒரு வரி போட்டு வாங்கிடுங்க" என்று வாங்குபவர் கேட்பது வழக்கம். அந்த வரியை அதில் எழுத முடியாது. பூச்சி, நோய் சம்பந்தப்பட்ட வாசகத்துக்கு மட்டுமே அதில் இடம். வாங்குபவரிடம் இதை ஆர்டர் பேசும்போதே சொல்லிவிட்டால், வங்கி தாள்களைச் சரிபார்க்கும் நாளில் சச்சரவு வராது.

வாங்கும் நாட்டைப் படியுங்கள்

பைட்டோவில் என்ன எழுத வேண்டும் என்பதை முடிவு செய்வது இறக்குமதி செய்யும் நாடு. ஒரே கமுதி முண்டு வத்தல் துபாய்க்குப் போனால் ஒரு நிபந்தனை, ஆஸ்திரேலியாவுக்குப் போனால் முற்றிலும் வேறு. அதே வத்தலைத் தூளாக அரைத்துவிட்டால் பல நாடுகள் பைட்டோவே கேட்பதில்லை. "போன தடவை மலேசியாவுக்கு இப்படித்தான் அனுப்பினோம்" என்பது சிங்கப்பூருக்கு உதவாது. மலேசியாவுக்கே அடுத்த தடவை உதவும் என்பதும் உறுதியில்லை. நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆஸ்திரேலியா தன் நிபந்தனைகள் முழுவதையும் பைகான் என்ற இணையத் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. பொருள் பெயர், பயன்பாடு, எந்த நாட்டிலிருந்து என்று தேடினால் வரிவரியாக வரும். அமெரிக்காவும் நியூசிலாந்தும் இதேபோல் பொதுவில் வைத்திருக்கின்றன. மலேசியாவில் இறக்குமதி அனுமதி கேட்பார்கள். அனுமதி தேவைப்படும் நாடுகளில் அதை வாங்க வேண்டியவர் அங்கே இருக்கும் இறக்குமதியாளர். அதன் நகலை விலை பேசி முடிக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் பெரும்பாலும் அனுமதியே இருக்காது.

அனுமதித் தாளில் மூன்றைத் தேடுங்கள். பொருளின் தாவரவியல் பெயர், செய்ய வேண்டிய புகையூட்டலோ (பூச்சியைக் கொல்ல நச்சு வாயு செலுத்துவது) வெப்பச் சிகிச்சையோ, கூடுதல் உறுதிமொழி வாசகம். மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்க்கும். "இந்தப் பூச்சி இல்லை என்று கண்டறியப்பட்டது" என்பதும் "இந்தப் பூச்சி இல்லாத பகுதியில் விளைந்தது" என்பதும் வெவ்வேறு. முதலாவதை இங்கே சரக்கைப் பார்த்துத் தரலாம். இரண்டாவதற்கு விளைந்த நிலத்தைப் பற்றிய ஆதாரம் வேண்டும். சரக்கு குடோனுக்கு வந்த பிறகு அதைத் தேட முடியாது. வாசகத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே விண்ணப்பத்தில் ஏற்றுங்கள். நம் சொல்லில் மாற்றி எழுதினால், பொருள் ஒன்றாகவே இருந்தாலும் அங்கே ஏற்க மாட்டார்கள்.

ஐரோப்பாவைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையும் கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகிய காய்களையும் தடுத்தது. காரணம் சரக்கில் தொடர்ந்து அகப்பட்ட பழ ஈ போன்ற பூச்சிகள். மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில் நீங்கியது. காய்களுக்கு அதைவிட நாளாயிற்று. அங்கொருவர், இங்கொருவர் அனுப்பிய சரக்கால் நாடு முழுவதற்கும் கதவு மூடியது. 2019 டிசம்பர் 14 முதல் வாழை, தென்னை, அன்னாசி, டுரியன், பேரீச்சை தவிர ஏனைய பச்சைப் பழம், காய் அனைத்துக்கும் அங்கே பைட்டோ கட்டாயம். இன்னொரு கணக்கும் உண்டு. சான்றிதழ் எழுதிய நாளிலிருந்து 14 நாளுக்குள் சரக்கு இந்தியாவை விட்டுப் புறப்பட வேண்டும். கப்பல் தேதி தள்ளிப்போனால் பைட்டோ செல்லாமல் போய்விடும். கப்பல் உறுதியாகும் முன் அவசரப்பட்டுச் சான்று வாங்கிவைக்க வேண்டாம்.

கப்ரா வண்டு

நம் சரக்கை அதிகம் துன்புறுத்தும் பூச்சி இது. முழுதாக வளர்ந்த வண்டே 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். ஆபத்து அதன் புழுவில் இருக்கிறது. பழுப்பு நிறத்தில், உடல் முழுக்க மயிரோடு இருக்கும். உணவு கிடைக்காவிட்டாலும் சுவர் வெடிப்புக்குள் ஒடுங்கி ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அரிசி, பருப்பு, வத்தல், மல்லி என்று எதையும் விடாது. இந்தியா இதன் தாயகப் பகுதி என்பதால், இங்கிருந்து வரும் உலர் சரக்கு என்றாலே பல நாடுகள் உஷாராகிவிடுகின்றன.

ஆஸ்திரேலியா 2020-க்குப் பிறகு இதற்கென்றே கெடுபிடியைக் கூட்டியது. அபாயம் அதிகமுள்ள பொருள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அரிசி, காய்ந்த மிளகாய், மல்லி விதை, சீரகம், சோம்பு, நிலக்கடலை, கொண்டைக்கடலை, துவரை, பாசிப்பயறு எல்லாம் அதில் உண்டு. நம் மளிகைக் கடைப் பட்டியலே அதுதான். வணிகச் சரக்கு என்றால் சிகிச்சையும் பைட்டோவில் கப்ரா பற்றிய உறுதிமொழியும் தேவைப்படும். உயிருள்ள வண்டு மட்டும் இல்லை, செத்ததும் உரித்த தோலும்கூட இருக்கக் கூடாது என்பது அந்த உறுதிமொழியின் உட்பொருள். புகையூட்டினால் வண்டு சாகும், தோல் போகாது. சல்லடையும் காற்றுத் தூற்றலும் இங்கே மருந்தைவிட முக்கியமாவது அதனால்தான்.

வணிகமாக இல்லாமல் வீட்டுச் சாமானாக அனுப்புவோரும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிட்னியில் இருக்கும் மகளுக்கு ஆச்சி கட்டி அனுப்பும் கவுனி அரிசியும் வத்தலும் மல்லியும் தபாலிலும் கூரியரிலும் போகக் கூடாது. பயணப் பெட்டியிலும் எடுத்துச் செல்லக் கூடாது. பைட்டோ வாங்கி ஒட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பார்சலுக்கு அந்த வழியே அடைபட்டிருக்கிறது. அனுப்பினால் அங்கே எடுத்து அழித்துவிடுவார்கள்.

மசாலாச் சாமான் பெட்டி

செட்டிநாட்டு மசாலா என்று முழுச் சாமானை ஒரே பெட்டியில் போட்டு அனுப்புவது இப்போது கூடிவருகிறது. வத்தல், மல்லி, பட்டை, அன்னாசிப்பூ, கல்பாசி, மராட்டி மொக்கு, கிராம்பு, சோம்பு. பார்க்க அழகு. பைட்டோவுக்கு இதைவிடச் சிக்கலான பெட்டி கிடையாது.

ஒவ்வொரு சாமானும் தனி வகை, ஒவ்வொன்றுக்கும் தாவரவியல் பெயரோடு தனி வரி வேண்டும். வத்தல் கேப்சிகம் ஆனுவம். மல்லி கொரியாண்ட்ரம் சடைவம். அன்னாசிப்பூ இல்லிசியம் வேரம். 'பட்டை' என்று எழுதினால் இலங்கைக் கறுவாவா, சீன வகைக் காசியாவா என்ற கேள்வி வரும். இரண்டும் சின்னமோமம் பேரினம், ஆனால் வெவ்வேறு தாவரம். கல்பாசி தாவரமே இல்லை, பாறையிலும் மரத்திலும் படரும் பாசிக்காளான். சில நாடுகளின் தரவுத்தளத்தில் அதற்கு வேறு பிரிவில்தான் தேட வேண்டியிருக்கும். மராட்டி மொக்குதான் மோசம். இலவ மொக்கு என்று ஒருவர், செவ்விலவு என்று இன்னொருவர் என மொத்த வியாபாரிகளிடமே பெயர் குழப்பம் உண்டு. ஊகத்தில் ஒரு பெயரைப் போட்டு, ஆய்வாளர் மொக்கைக் கையில் எடுத்துப் பார்த்து வேறு பெயர் சொன்னால் முழு விண்ணப்பமும் திருத்தத்துக்குப் போகும். வாங்கும் இடத்திலேயே மாதிரி எடுத்து, தெரிந்த தாவரவியலாளரிடம் பெயரை உறுதி செய்துகொண்டு, பிறகு எல்லாத் தாளிலும் அதையே எழுதுங்கள்.

விளைந்த நாடு அடுத்த சிக்கல். சந்தையில் கிடைக்கும் பட்டையும் அன்னாசிப்பூவும் பெரும்பகுதி வியட்நாம், சீனாவிலிருந்து வருபவை. இந்தியாவில் விளைந்தது என்று அவற்றுக்கு எழுதக் கூடாது. வெளிநாட்டுச் சரக்கை இங்கிருந்து மறுபடி ஏற்றினால் மறு ஏற்றுமதிக்கான பைட்டோ என்று தனிப் படிவம் இருக்கிறது. அதற்கு அந்தச் சரக்கு இந்தியாவுக்குள் வந்தபோது வந்த மூலச் சான்றிதழோ அதன் சான்றொப்பமிட்ட நகலோ தேவைப்படும். மதுரையில் மூட்டையாக வாங்கிய பட்டைக்கு அதை எங்கே போய்த் தேடுவது? பெட்டியில் இருக்கும் ஒரு சாமானுக்குத் தாள் இல்லாவிட்டால் முழுப் பெட்டியும் நிற்கும். முதல் ஏற்றுமதிக்கு வருபவர்களிடம் நாங்கள் சொல்வது இதுதான்: இரண்டு மூன்று சாமானோடு தொடங்குங்கள், அவையும் நம் மண்ணில் விளைந்தவையாக இருக்கட்டும். மீதியை அரைத்த பொடியாக அனுப்பலாமா என்று அந்த நாட்டு நிபந்தனையில் பாருங்கள்.

குடோன்

பைட்டோவில் பாதி வேலை இங்கேதான் முடிகிறது. நம் பக்கத்தில் பழைய செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டைக் குடோனாக்குவது சகஜம். குளுமையாக இருக்கும், காற்று வரும். ஆனால் வயதான சுண்ணாம்புச் சுவர் வெடிப்பு, மரப் பரண், தூண் இடுக்கு, ஓட்டுக் கூரையின் சந்து எல்லாம் புழுவுக்குப் பிறந்த வீடு. ஏற்றுமதிச் சரக்குக்கு வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடைத்த, தரை வழவழப்பான, மரம் குறைந்த ஓர் அறையை ஒதுக்குவதே நல்லது. புதுவயலில் அரிசி ஆலைக் குடோனையே வாடகைக்கு எடுப்பவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: பக்கத்து அட்டியில் கிடப்பது எத்தனை மாதச் சரக்கு? பழைய நெல்லிலிருந்து கூன்வண்டும் அந்துப்பூச்சியும் உங்கள் புது மூட்டைக்குத் தாவ ஓர் இரவு போதும்.

சரக்கு வருமுன் அறையைக் காலி செய்து, மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, கிடைத்த கொட்டலை வெளியே எரித்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் திரும்பி வரும். ஒருமுறை பயன்படுத்திய சாக்கு வேண்டவே வேண்டாம். சாக்குத் தையலுக்குள் தங்கும் புழுவை எந்தத் தட்டலும் வெளியேற்றாது. மூட்டையைச் சுவரிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி தள்ளி, பேலட் எனும் அடித்தட்டின் மேல் அட்டி போடுங்கள். ஆய்வாளர் நான்கு பக்கமும் சுற்றி வர வேண்டும். புகையூட்டும் தார்ப்பாயை இறக்கவும் அந்த இடைவெளி தேவை.

ஈரம் அதிகமானால் பூச்சியும் பூஞ்சையும் சேர்ந்து வரும். அரிசிக்கு 13 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். வத்தலுக்கு 10, 11-ஐத் தாண்டவிடாதீர்கள். நிலக்கடலைப் பருப்பு 7, 8-க்குள் இருக்கட்டும். ஈரமானி ஒன்று வாங்கிவைப்பது செலவு ஆகாது. கருப்புக் கவுனி தவிடு நீக்காத அரிசி. தவிட்டு எண்ணெய்க்கு வண்டு வேகமாக வரும், எனவே தீட்டிய அரிசியைவிடக் குறைந்த நாளே குடோனில் கிடக்கலாம். வத்தலில் சண்டு வத்தலையும் காம்பொடிந்து ஓட்டை விழுந்த காயையும் பொறுக்கிவிடுங்கள். ஓட்டைக்குள்தான் சிகரெட் வண்டு குடியிருக்கும். புளியைக் கொட்டை நீக்கி அனுப்புங்கள். கொட்டையைத் துளைக்கும் வண்டு வெளியே பார்த்தால் தெரியாது, கப்பலில் 20 நாள் கழித்து வெளிவரும்.

சிங்கம்புணரிப் பக்கத்துத் தேங்காய் நார்க்கழிவுக்குக் கதை வேறு. அங்கே தடை மண்ணும் களை விதையும்தான். மண் தரையில் காயவைத்த நார்க்கழிவு எத்தனை முறை சலித்தாலும் மண்ணோடுதான் இருக்கும். சிமெண்டுக் களத்தில் உலர்த்தி, சுற்றிலும் பார்த்தீனியம் வளராமல் வெட்டி, ஆடு மாடு நுழையாமல் வேலி போட்டால்தான் ஆய்வில் தேறும்.

விண்ணப்பம்

ஏற்றுமதியாளர் என்றால் டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம்) தரும் ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். பான் அட்டையை வைத்து இணையத்தில் எடுக்கலாம், கட்டணம் 500 ரூபாய். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பித்துவிடுங்கள். மறந்தால் எண் செயலிழக்கும், அது தெரியவருவது சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான். அரிசி, நிலக்கடலை போன்றவற்றுக்கு அபேடா என்ற வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தில் பதிவு. வத்தல், மல்லி போன்ற நறுமணப் பொருளுக்கு ஸ்பைசஸ் போர்டு பதிவு.

பைட்டோ விண்ணப்பம் பிக்யூஎம்எஸ் என்ற மைய அரசின் இணையத்தளத்தில். முதலில் நிறுவனத்தைப் பதிய வேண்டும். பிறகு ஒவ்வொரு சரக்குக்கும் தனி விண்ணப்பம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், இறக்குமதி அனுமதி நகல், புகையூட்டியிருந்தால் அதன் சான்று எல்லாம் ஏற்றி, கட்டணத்தை இணையத்திலேயே கட்டி, ஆய்வுக்கு இடமும் நாளும் கேட்க வேண்டும்.

இங்கே பிழை எங்கே வருகிறது என்று சொல்கிறேன். பெறுபவர் பெயர் மலேசிய நிறுவனமாக இருந்தால் பின்னால் வரும் எஸ்டிஎன் பிஎச்டி-யை (தனியார் நிறுவனம் என்பதற்கான மலாய்ச் சுருக்கம்) விட்டுவிடுவார்கள். அனுமதியில் இருக்கும், பைட்டோவில் இருக்காது. சேரும் இடத்தில் கிள்ளான் துறைமுகம் என்று போட வேண்டிய இடத்தில் கோலாலம்பூர் என்று போடுவார்கள். மூட்டை எண்ணிக்கையும் எடையும் பெருக்கிப் பார்த்தால் ஒத்துவராது. 500 மூட்டை, தலா 25 கிலோ என்றால் நிகர எடை 12,500 கிலோ. மொத்த எடை என்பது சாக்கோடு சேர்த்து, அது வேறு எண். இரண்டையும் ஒரே கட்டத்தில் மாற்றி எழுதுவது அன்றாடம் நடப்பது. மூட்டையில் அச்சடித்த அடையாளக் குறி என்னவோ அதையே விண்ணப்பத்தில் எழுத வேண்டும். முழு வத்தலுக்கு 0904 21, அரைத்ததற்கு 0904 22 என்பது சுங்கக் குறியீடு. பைட்டோவில் முழு வத்தல், சுங்கத்துக்குத் தரும் ஷிப்பிங் பில்லில் 22 என்றிருந்தால் சுங்கத்தில் கேள்வி எழும்.

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பைட்டோ விண்ணப்பம், ஷிப்பிங் பில், புகையூட்டல் சான்று இந்த ஐந்தையும் மேசையில் பக்கத்தில் பக்கமாக விரித்து, ஒருவர் படிக்க இன்னொருவர் சரிபார்க்கட்டும். கையெழுத்தான பைட்டோவில் அழித்துத் திருத்த முடியாது. அடித்தல் திருத்தல் ஒன்று இருந்தாலும் அது செல்லாத தாள்.

ஆய்வு நாள்

ஆய்வு நடக்கும்போது சரக்கு முழுவதும் கண்ணெதிரே இருக்க வேண்டும். "பாதி வந்துடுச்சு, மீதி ராத்திரி வரும் சார்" என்பது எடுபடாது. கன்டெய்னரில் ஏற்றிச் சீல் வைத்த பிறகு பார்க்கச் சொல்வதும் வீண்வேலை.

ஆய்வாளர் மேல் மூட்டையோடு நிறுத்துவதில்லை. கீழ் வரிசையிலும் நடுவிலும் குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, சலித்து, லென்ஸில் பார்ப்பார். மாதிரி எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு. பெரிய சரக்கில் நூற்றுக்கு ஐந்து அலகில் பூச்சி இருந்தால், அதை 95 சதவீத உறுதியோடு கண்டுபிடிக்க 59 அலகைப் பார்த்தால் போதும். இருநூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்த தொற்றைப் பிடிக்க ஏறத்தாழ 600 பார்க்க வேண்டும். நம் குடோனில் நாமே ஐந்து மூட்டையைப் பார்த்துவிட்டுச் சுத்தம் என்று நினைப்பது எவ்வளவு பலவீனமானது என்று இதிலிருந்து தெரியும். ஆய்வுக்கு நான்கு நாள் முன்பு நீங்களே அதே முறையில் எடுத்துப் பாருங்கள். பிடிபட்டால் சலிக்கவும் புகையூட்டவும் அவகாசம் இருக்கும்.

சில்லறைப் பாக்கெட்டாக அனுப்புகிறவர்கள் வெற்றிடப் பொதி ஒட்டும் முன் ஆய்வுக்கு ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் பத்துப் பாக்கெட் உபரியாகச் செய்து வையுங்கள். பிரித்த பாக்கெட்டுக்கு ஈடு வைக்காமல் எண்ணிக்கை குறைந்து, தாளுக்கும் சரக்குக்கும் பொருந்தாமல் போவது நடக்கிற ஒன்று.

புகையூட்டல்

எல்லாச் சரக்குக்கும் புகையூட்டல் தேவையில்லை. வாங்கும் நாடு கேட்டால், அல்லது பூச்சி கண்டால் செய்ய வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் மட்டும் கொடுங்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் வைத்திருப்பதும், ஆள் படுக்கும் வீட்டோடு ஒட்டிய குடோனில் தாமே போடுவதும் உயிரைப் பறித்திருக்கின்றன. சட்டப்படியும் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மூன்று கிராம் மாத்திரை ஒன்று ஒரு கிராம் பாஸ்பீன் வாயுவை விடும். அந்த வாயு ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் அளவு மிகச் சிறியதாயினும் ஆளைக் கொல்லும்.

பாஸ்பீன் மெதுவாக வேலை செய்யும். ஐந்து முதல் ஏழு நாள் தார்ப்பாய்க்குள் இருக்க வேண்டும், விளிம்பு முழுவதும் மணல் பை வைத்து அடைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாளே அவசரப்பட்டுத் திறந்தால் முட்டையும் கூட்டுப்புழுவும் பிழைத்து, கப்பலில் வண்டாக வரும். மெதைல் புரோமைடு என்ற இன்னொரு வாயு விரைவானது. 24 அல்லது 48 மணி நேரம். அளவு பொருளையும் நாட்டையும் பொறுத்தது. மரப்பெட்டிக்குப் பன்னாட்டு அளவுகோல் கேட்பது, 21 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கன மீட்டருக்கு 48 கிராம், 24 மணி நேரம். கப்ரா அபாயப் பொருளுக்கு ஆஸ்திரேலியா கேட்டிருப்பது 80 கிராம், 48 மணி நேரம். ஒன்றுக்குச் செய்ததை இன்னொன்றுக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

பிளாஸ்டிக் உறைக்குள் வாயு எளிதில் நுழையாது. உள்பாலிதீன் போட்டுத் தைத்த மூட்டையைப் புகையூட்டினால் வாயு வெளியேதான் சுற்றும், உள்ளே வண்டு நிம்மதியாக இருக்கும். சணல் சாக்கில் இருக்கும்போதே புகையூட்டி, காற்றாட விட்டு, பிறகு மறுபொதி போடுங்கள். புகையூட்டிய பின் உள்ளே நுழையும் முன் வாயு அளவைக் கருவியில் பார்க்க வேண்டும். மெதைல் புரோமைடு 5 பிபிஎம்-க்கும் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு), பாஸ்பீன் 0.3 பிபிஎம்-க்கும் கீழே வந்திருக்க வேண்டும்.

இயற்கை விவசாயச் சான்றோடு கவுனி அனுப்புவோருக்கு இங்கே முட்டுச்சந்து உண்டு. இந்த இரண்டு மருந்துமே இயற்கைச் சான்றுக்கு ஆகாதவை. அந்த நாடு மருந்தைக் கட்டாயமாக்கினால் 'ஆர்கானிக்' என்ற சொல்லை இழக்க வேண்டியதுதான். வெப்பச் சிகிச்சை போன்ற மாற்று வழியை ஏற்கும் நாடா என்று பார்த்த பிறகே அந்த ஆர்டரை எடுங்கள்.

பெட்டியும் வைக்கோலும்

ஆத்தங்குடித் தரை ஓட்டுக்குப் பைட்டோ தேவையில்லை. அது அடைத்து வரும் மரப்பெட்டிக்கு முத்திரை தேவை. பன்னாட்டு அளவுகோல் 15-இன்படி மரம் 56 டிகிரியில் உள்மையம் வரை 30 நிமிடம் சூடாக்கப்பட்டோ, புகையூட்டப்பட்டோ இருக்க வேண்டும். கதிர் அடையாளத்தோடு இந்தியக் குறியீடும், செய்தவர் எண்ணும், சிகிச்சைக் குறியும் மரத்தில் அழியாமல் பதிந்திருக்க வேண்டும். உள்ளூர்த் தச்சரிடம் அடித்த பெட்டிக்கு இது இருக்காது. ஓடு உடையாமல் இருக்க நடுவில் வைக்கோல் திணிப்பது நம் பழக்கம். வெளிநாட்டில் அதுதான் முதலில் அகப்படும். அட்டைச் சீவலோ நுரைத் தகடோ போடுங்கள்.

கொட்டானும் அப்படியே. பனை ஓலைப் பொருள் என்பதால் சில நாடுகள் தாவரப் பொருளாகவே நடத்தும். சாயம் போட்டிருந்தாலும் ஓலை ஓலைதான். பழைய தேக்குக் கதவும் தூணும் ஏற்றுபவர்கள், மரத்துளைக்குக் கீழே புது மாவு உதிர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. கூடவே நூறாண்டு கடந்த கலைப்பொருள் என்றால் 1972 தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். அது பைட்டோவால் தீரும் சிக்கல் இல்லை, முதலில் தொல்லியல் துறையின் தாள் வேண்டும்.

கன்டெய்னர் வந்ததும் ஏற்றுவதற்கு முன் உள்ளே ஒருவர் நின்று கதவைச் சாத்தச் சொல்லுங்கள். எங்காவது வெளிச்சம் கசிந்தால் அதைத் திருப்பி அனுப்புங்கள். தரைப் பலகை இடுக்கில் முந்தைய சரக்கின் தானியம் கிடக்கிறதா என்று கிண்டிப் பாருங்கள். வத்தலுக்கு ஈரம் உறிஞ்சும் பைகளைப் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். இரவுக் குளிரில் மேல்தகட்டில் வேர்த்துச் சொட்டும் நீர் மேல் வரிசை மூட்டையைக் கறுக்கவைக்கும்.

சான்றிதழ் கையில் வந்ததும் ஒவ்வொரு வரியையும் அங்கேயே, அலுவலகப் படியை விட்டு இறங்கும் முன் படித்துவிடுங்கள். பிழை இருந்தால் சரக்கு கிளம்பும் முன் மாற்றுச் சான்று கேட்கலாம். அப்போது பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆய்வின்போது எடுத்த மாதிரியில் ஒரு பங்கைப் பெயர், தேதி எழுதி, மூடிய டப்பாவில் மூன்று மாதம் வையுங்கள். அங்கே வண்டு இருந்ததாகக் கடிதம் வந்தால் இந்த டப்பாவைத் திறந்து பார்த்த பிறகுதான் பதில் எழுத உட்காருங்கள்.